பதின்மூன்று கண்ணறைகளும் பன்னிரண்டு மில்லிமீட்டரும்

1676ஐ 87ஆல் வகுத்தால் 19.26 கிடைக்கும். சான்பாடாவில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் கடந்த ஓராண்டாக அதிகம் பேசப்பட்ட கணக்கு இதுதான்.

இந்திய அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட தூரம் 1676 மில்லிமீட்டர். சிற்றுரு ரயில் செய்வோரிடையே உலகெங்கும் மிகுதியாகப் புழங்கும் அளவு 'எச்ஓ' எனப்படுவது. அதில் ஒவ்வொரு பொருளும் உண்மை அளவில் 87இல் ஒரு பங்கு. அப்படியானால் இந்திய ரயிலின் சிற்றுரு 19.26 மில்லிமீட்டர் பாதையில் ஓட வேண்டும். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருவழக்காக உள்ள 1435 மில்லிமீட்டர் பாதையின் 87இல் ஒரு பங்கு அது. எனவே இங்கே ஒருவர் எவ்வளவு நுணுக்கமாக இஞ்சின் செய்தாலும், அதன் சக்கரங்கள் உடலுக்கு ஏற்ற அகலத்தில் அமைவதில்லை. கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் ஒடுங்கிய கால்களில் நிற்கிறது நம் இஞ்சின். பெரும்பாலோர் இதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சிலரால் ஏற்க முடிவதில்லை. அந்தச் சிலரில் என் அப்பாவும் ஒருவர். அவருடைய சிக்கல் அகலப்பாதையைப் பற்றியதன்று. அதற்குப் பின்னர் வருகிறேன்.

மும்பைத் தமிழரின் தொழிற்சொற்கள் என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். தாராவியின் தோல் தொழில், மாட்டுங்காவின் உணவகங்கள், செம்பூரின் அலுவலகக் குடியிருப்புகள் என்று களம் விரிந்திருந்தாலும், மிக அருகிலிருந்த தகவலாளி அப்பாதான். மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்து 2022இல் ஓய்வுபெற்றவர். அந்தப் பணிமனை 1915இல் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. வேலைநாளெல்லாம் முழு அளவுப் பெட்டிகளின் அடியில் கிடந்தவர், ஓய்வுக்குப் பிறகு அவற்றை உள்ளங்கை அளவில் செய்யத் தொடங்கினார். நவி மும்பையில் இதே ஈடுபாடு கொண்ட பதினைந்து இருபது பேர் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குடியிருப்புச் சங்கக் கூடத்தில் கூடுகிறார்கள். அந்த இருவாரத்தில் செய்ததைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள்: வண்ணம் பூசிய ஒரு சரக்குப் பெட்டி, ஒரு கைகாட்டி, வெயிலில் வெளுத்ததுபோல் தோன்றச் செய்த ஒரு நடைமேடைக் கூரை. நான் குறிப்பேட்டுடன் ஓர் ஓரத்தில் அமர்ந்திருப்பேன்.

சொல்லாய்வுக்கு அதைவிட வளமான இடம் எனக்கு வாய்க்கவில்லை. 'போகி' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் பேச்சு வழக்கில் அது முழு ரயில்பெட்டி. பணிமனையில் அது பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம் மட்டுமே. ஒரு பெட்டிக்கு இரண்டு. ஒரு ஞாயிறன்று கல்லூரி மாணவர் ஒருவர் அப்பாவிடம் "அங்கிள், ரெண்டு போகி கொடுங்க" என்று கேட்டார். அப்பா இரண்டு சக்கரச் சட்டங்களை எடுத்து நீட்டினார். கேட்டவர் எதிர்பார்த்தது இரண்டு பெட்டிகளை. இருவரும் தத்தம் வழக்கில் சரியாகவே பேசினார்கள். அதே கூடத்தில் மராத்தி நண்பர்கள் பெட்டியை 'டபா' என்கிறார்கள். மும்பையில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் 'பாரா டப்பா லோக்கல்' என்கிறார்கள். அப்பா 'பொட்டி' என்கிறார். ஒரே பொருள், நான்கு பெயர்கள், ஒரு மேசை.

'மாதிரி' என்ற நம் சொல்லும் இங்கே புதிதாய்த் தெரிந்தது. 'ரயில் மாதிரி' என்றால் ரயிலின் சிற்றுரு. ரயிலைப் போன்ற ஒன்று என்றும் பொருள். பெயர்ச்சொல்லாக நின்ற ஒன்று பேச்சில் உவம உருபின் வேலையையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அப்பாவின் மேசையில் இந்த இரண்டு பொருளும் பிரிவதில்லை. சிற்றுரு செய்வது என்பதே எதைப் போல இருக்க வேண்டும், எதில் போல இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று முடிவுசெய்வதுதான்.

அந்த முடிவை முதலில் இடம் எடுக்கிறது. மும்பையின் பன்னிரண்டு பெட்டி லோக்கல் ஏறத்தாழ 250 மீட்டர் நீளம். அதை 87ஆல் வகுத்தால் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான் பிறந்த தாராவி வீடு பத்தடிக்குப் பத்தடி. அதாவது, ஒரு லோக்கலின் சிற்றுரு அந்த வீட்டின் ஒரு சுவரோடு ஒட்டி நின்றால் முன்னும் பின்னும் நகர இடமிருக்காது. வாஷிக்கும் மான்குர்டுக்கும் இடையே கடற்கழியைக் கடக்கும் பாலத்தை அதே அளவில் செய்தால் இருபது மீட்டர் வேண்டும். எங்கள் மாடியின் நடைக்கூடமே போதாது. ஆகவே இந்தக் கலையில் ஒரு முறை உண்டு: கட்டடங்களையும் வண்டிகளையும் அளவு பிசகாமல் செய்துவிட்டு, அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தை மட்டும் வேண்டிய அளவு சுருக்கிவிடுவது. பன்னிரண்டு பெட்டிக்குப் பதில் ஆறு. இரண்டு கிலோமீட்டருக்குப் பதில் இரண்டு அடி. தூரம் சுருங்கிவிட்டால் பயணமும் நொடியில் முடிந்துவிடும் என்பதால், சிலர் கடிகாரத்தையே வேகமாக ஓடவைப்பார்கள். ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் கழியும்.

எதைச் சுருக்கலாம் என்பதில் சண்டை வரும். தறையாணிகளைக்கூட எண்ணிப் பார்த்துக் குறைசொல்பவரை ஆங்கிலம் பேசும் நாடுகளில் 'ரிவெட் கவுன்டர்' என்று கேலி செய்வார்கள். அப்பா தறையாணியை எண்ணுபவர் அல்லர், கண்ணறையை எண்ணுபவர்.

அப்பா செய்வது செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை. 1904இல் திறக்கப்பட்ட, சுமார் ஐம்பது கிலோமீட்டர் நீள மீட்டர்பாதை. ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து இறங்கும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். அப்பாவின் ஊர் அதற்குப் பக்கத்துக் கிராமம். கழுதுருட்டிக்கு அருகில், சாலைக்கு இணையாக, கருங்கல்லில் கட்டிய பதின்மூன்று வளைவுகள் கொண்ட பாலம் இருக்கிறது. மலையாளிகள் 'பதிமூணு கண்ணறப் பாலம்' என்பார்கள். தமிழில் பதிமூணு கண் பாலம். ஏறத்தாழ நூறு மீட்டர் நீளம். 87இல் ஒரு பங்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அப்பாவின் பலகையோ மொத்தமே ஆறடி. நண்பர்கள் எல்லோரும் ஏழு கண் போதும் என்றார்கள். பார்ப்பவர் யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்றார்கள். அப்பா என்னிடம் சொன்னது: "பதிமூணு கண்ணுன்னு பேரு வச்சுட்டு ஏழு கண்ணு கட்டினா அது வேற பாலம்மா." பாலத்தின் நீளத்தைத் தீர்மானித்தது அங்கே அளவுகோல் அன்று, பெயர். பலகையில் பாதிக்கு மேல் பாலமே பிடித்துக்கொண்டது. மலையில் மிச்சமிருந்தது ஒரு குகையின் வாய் மட்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு இடங்களைச் சொல்வதுண்டு. ஒன்று, புனேயில் கோத்ரூட் பகுதியில் உள்ள ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம். பாவு ஜோஷி என்ற தனிமனிதரின் பல்லாண்டு ஈடுபாடு 1998இல் பொதுமக்களுக்கான காட்சிக்கூடமாக மாறியது; அவர் குடும்பத்தார் அதைத் தொடர்ந்து நடத்திவருகிறார்கள். மற்றொன்று, கலிபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் தன் வீட்டின் அடித்தளத்தில் எழுப்பிய மலைநாடு. சிற்றுரு ரயில் உலகில் அதன் படங்களைப் பார்க்காதவர் குறைவு. அவர் 1973 ஜனவரியில் இறந்தார். சில நாட்களிலேயே தீ அந்த அறையில் பெரும்பகுதியை அழித்தது. செய்தவரோடு முடியும், அல்லது வேறொருவர் கைக்குப் போகும். இந்தக் கலையில் மூன்றாவது வழியில்லை. அறுபதைத் தாண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் இதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவார்களோ என்பது அவர்களுடைய நகைச்சுவை. சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

மொழியியல் படிப்பவர்களுக்கு மூன்றாவதாக ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடியில் 1946இல் தொடங்கிய மாணவர் சிற்றுரு ரயில் கழகம். அங்கே இரண்டு வகையினர் இருந்தார்கள். மேசைக்கு மேலே மலையும் வீடும் வண்டியும் செய்தவர்கள் ஒரு சாரார். மேசைக்கு அடியில் கம்பிகளும் தொலைபேசி நிலையத்தின் பழைய இணைப்பான்களும் கொண்டு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை உருவாக்கியவர்கள் மற்றொரு சாரார். அடியில் இருந்தவர்களின் பேச்சு வெளியாருக்குப் புரியாதபடி வளர்ந்தது. 1959இல் பீட்டர் சாம்சன் என்ற மாணவர் அந்தச் சொற்களை ஒரு சிறு அகராதியாகத் தொகுத்தார். இன்று உலகெங்கும் கணினித் துறையில் வழங்கும் 'ஹேக்' என்ற சொல்லின் பொருள் வளர்ந்த இடங்களுள் அந்த மேசையடி முக்கியமானது. அதே 1959இல்தான் சார்ல்ஸ் ஃபெர்குசனின் இரட்டை வழக்கு பற்றிய கட்டுரையும் வெளிவந்தது. ஃபெர்குசனை நாம் பாடமாகப் படிக்கிறோம். சாம்சனின் அகராதியையும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு சிறு கூட்டம் தன் வேலைக்காக ஆக்கிக்கொண்ட சொற்கள், அந்தக் கூட்டத்தாலேயே, அவை வழக்கில் இருந்தபோதே தொகுக்கப்பட்ட அரிய நேர்வு அது.

இனி அப்பாவின் சிக்கலுக்கு வருகிறேன்.

தனித்தனியே வீட்டில் செய்யும் பலகைகளை ஒன்றோடொன்று பொருத்தி நீண்ட பாதையாக்குவது இந்தக் கலையின் பெரிய இன்பங்களில் ஒன்று. இடமில்லாதவர்களுக்கு அதுவே வழியும்கூட. எங்கள் நகரத்தில் யாருக்கும் அறையில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் நான்கடிப் பலகைக்கு இடமிருக்கிறது. பதினைந்து பேர் சேர்ந்தால் அறுபதடிப் பாதை. 1970களில் கலிபோர்னியாவில் 'என்டிராக்' என்ற பொது அளவை வகுத்தவர்களின் எண்ணமும் இதுதான். பலகைகள் பொருந்த வேண்டுமானால் விளிம்பில் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும்: உயரம், மின்னிணைப்பு, பாதையின் அகலம். பொது அளவு இல்லாமல் பொதுப் பாதை இல்லை. அமெரிக்கச் சிற்றுரு ரயில் சங்கம் 1935இல் தோன்றியபோது அதன் முதன்மை வேலையே ஒரு நிறுவனத்தின் சக்கரம் மற்றொரு நிறுவனத்தின் தண்டவாளத்தில் ஓடும்படி அளவுகளை வகுப்பதாக இருந்தது.

எங்கள் கூட்டமும் சென்ற ஆண்டு அப்படி ஓர் அளவை வகுத்தது. எல்லாப் பலகைகளின் இரு முனைகளிலும் 16.5 மில்லிமீட்டர். பதினான்கு பேர் ஏற்றார்கள். அப்பா செய்தது மீட்டர்பாதை. 87இல் ஒரு பங்கு 11.5. உலக வழக்கில் அதற்கு 12 மில்லிமீட்டர் பாதை. இங்கே கடையில் கிடைக்காததால் லேமிங்டன் சாலையில் செம்புத்தகடு ஒட்டிய மின்சுற்றுப் பலகை வாங்கி, அதைக் கட்டைகளாக அறுத்து, பழைய எச்ஓ பாதையிலிருந்து உருவிய தண்டவாளங்களை ஒவ்வொரு கட்டையிலும் ஈயம் வைத்துப் பற்றியிருந்தார். ஆறடிக்கு எட்டு மாதம். பலகையைக் கூட்டத்தின் பாதையோடு இணைக்க வேண்டுமானால் அதைப் பெயர்த்துவிட்டு 16.5 போட வேண்டும்.

யாரும் வற்புறுத்தவில்லை. தனியே ஓட்டிக்கொள்ளலாம், ஒரு மூலையில் மேசை போட்டுத் தருகிறோம் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அப்பா வீட்டுக்கு வந்து பலகையின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தினார். ஐந்து வாரம் அதை எடுக்கவில்லை.

ஏன் என்பது அந்தப் பாதையின் வரலாறு தெரிந்தவர்களுக்குப் புரியும். 1992இல் இந்திய ரயில்வே ஒரே அகலத் திட்டத்தைத் தொடங்கியது. நாடெங்கும் மீட்டர்பாதைகள் அகலமாயின. ஒரு வண்டி வழியில் பயணிகளை இறக்காமல், சரக்கை மாற்றி ஏற்றாமல் நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போக வேண்டும் என்பது நியாயமான தேவை. செங்கோட்டை–புனலூர் மலைப்பகுதியில் 2010இல் மீட்டர்பாதை வண்டி நின்றது. அகலப்பாதை முழுதாகத் திறந்தது 2018இல். நான் பதின்மூன்று வயதில், நிற்பதற்குச் சில மாதங்களுக்கு முன், அப்பாவோடு அந்த வண்டியில் போனேன். முன்னால் ஓர் இஞ்சின், பின்னால் தள்ள ஓர் இஞ்சின். குகைக்குள் நுழைந்ததும் பெட்டி முழுவதும் பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். அப்பாவும் கத்தினார். தாராவியிலோ சான்பாடாவிலோ அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

இன்று அங்கே அகல வண்டி போகிறது. பதிமூணு கண் பாலமும் நிற்கிறது. ஊருக்கு நன்மைதான், அப்பாவும் அப்படித்தான் சொல்வார். ஆனால் எட்டு மாதம் குனிந்து செய்த பன்னிரண்டு மில்லிமீட்டரைத் தன் கையாலேயே பெயர்ப்பது அவருக்கு இரண்டாவது பாதைமாற்றமாக இருந்தது.

அந்த ஐந்து வாரத்தில் என் மேசையிலும் இதே கேள்வி கிடந்தது. ஆய்வேட்டின் பின்னிணைப்பாக நான் தொகுத்த சொற்பட்டியலில் ஏறத்தாழ அறுநூறு சொற்கள். அவற்றை எந்த வடிவில் எழுதுவது? 'பொட்டி' என்று எழுதுவதா, 'பெட்டி' என்ற தலைச்சொல்லின் கீழ் வைப்பதா? அகரவரிசையில் பிறர் தேடிக் கண்டடைய வேண்டுமானால், வேறு ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டுமானால், பொது வடிவம் வேண்டும். அதுவே என் 16.5. ஆனால் தாராவியில் ஒருவர் சொன்ன 'பொட்டி'யில் நெல்லை இருக்கிறது; 'பாரா டப்பா'வில் மும்பை இருக்கிறது. 'பன்னிரண்டு பெட்டி' என்று திருத்திவிட்டால் அட்டவணை ஓடும். அதில் யாரும் பயணம் செய்திருக்க மாட்டார்கள்.

பொது அளவை எதிர்ப்பவர்களின் பக்கம் சாய்வது இந்த இடத்தில் எளிது. நான் அப்படிச் சாயவில்லை. பொது எழுத்துத் தமிழ் இல்லையென்றால் யாழ்ப்பாணத்தில் எழுதியதைச் சான்பாடாவில் நான் படித்திருக்க முடியாது. இந்தப் பதிவையும் இந்த நடையில் எழுதியிருக்க மாட்டேன். பொது அளவு ஒரு கொடை. அது உள்ளே எதைக் கேட்கிறது, விளிம்பில் மட்டும் எதைக் கேட்கிறது என்பதுதான் பிரித்தறிய வேண்டியது. கூட்டத்தின் விதியை மறுபடி படித்துப் பார்த்தபோது அது பேசியது பலகையின் முனைகளைப் பற்றி மட்டுமே. நடுவில் எந்தப் பாதை என்று அது சொல்லவில்லை.

தீர்வை அப்பா என்னைக் கேட்காமலேயே கண்டுபிடித்தார். அதுவும் வரலாற்றிலிருந்து. விருதுநகரிலிருந்து வந்த பாதை அகலமாகிவிட்ட பிறகும் மலைப்பாதை மீட்டராகவே இருந்த சில ஆண்டுகள் உண்டு. அப்போது செங்கோட்டை இரு அகலங்கள் சந்திக்கும் நிலையம். அகல வண்டியில் வந்தவர் பெட்டிபடுக்கையுடன் இறங்கி, மலைவண்டிக்கு மாறினார். அப்பா இப்போது இரண்டடியில் ஒரு புதிய பலகை செய்திருக்கிறார்: செங்கோட்டை நிலையம். முன்விளிம்பில் 16.5 மில்லிமீட்டர் பாதை, நடைமேடை, அதன் மறுபுறம் 12. கூட்டத்தின் அறுபதடிப் பாதையில் வரும் வண்டி செங்கோட்டையில் நிற்கும். அங்கிருந்து மலைவண்டி பதிமூணு கண் பாலத்தின்மேல் குகைக்குப் போகும்.

இதில் ஓர் இழப்பு இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. எந்த வண்டியும் நேராகப் போகாது. மாற வேண்டும், காத்திருக்க வேண்டும். நடைமேடையில் அப்பா வைத்திருக்கும் இரண்டு சென்டிமீட்டர் மனிதர்கள் அனைவரும் மூட்டையோடு நிற்பவர்கள். மாறி ஏறும் சிரமத்தை நீக்கத்தான் நாடு பாதைகளை அகலமாக்கியது. அப்பா அந்தச் சிரமத்தையே செய்துவைத்திருக்கிறார்.

என் சொற்பட்டியலுக்கும் அந்த நடைமேடையையே எடுத்துக்கொண்டேன். தலைச்சொல் பொது வடிவில் இருக்கும். தேடுபவர் அங்கே வந்து இறங்கலாம். அதன் கீழே, சொன்னவர் வாயில் வந்தபடியே சொல், சொன்ன ஊர், சொன்ன தொழில். படிப்பவர் அங்கிருந்து மாறி ஏற வேண்டும். சற்று நேரம் பிடிக்கும். நெறியாளர் பட்டியல் நீண்டுவிட்டது என்றார், உண்மைதான், நீண்டிருக்கிறது.

இதைப் படிப்பவர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். மீட்டர்பாதைக் காலத்தில் ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் வழங்கிய சொற்களைக் கேட்டு எழுதுங்கள். கைகாட்டியை இயக்கும் நெம்புகோலுக்கு என்ன பெயர், கொக்கி மாட்டுபவரை எப்படி அழைத்தார்கள், பின்னால் தள்ளும் இஞ்சினுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர், குகைக்குள் கத்துவதற்கு ஏதேனும் பெயர் இருந்ததா. அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். தலைச்சொல்லை நான் பார்த்துக்கொள்கிறேன்.